ஓய்வு கொள்ளும் தீவு

விடுமுறைப் பயணம் என்றவுடன் நாம் முதலில் எடுத்துப் பார்ப்பது நம் வீட்டு நாட்காட்டியைத்தான். எத்தனை நாள் ஓய்வு கிடைக்கும், எவ்வளவு பணம் செலவாகும் என்ற கணக்குகளை முடித்த பிறகே, போகும் ஊரைப் பற்றி எண்ணத் தொடங்குகிறோம். இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல விரும்பும் செய்தி. விருந்துக்குப் போகிறவன் தனக்குப் பசிக்கும் வேளையை மட்டும் பார்த்தால் போதுமா? விருந்தளிப்பவரின் வேளையையும் கேட்டறிய வேண்டுமன்றோ? இதற்குச் சான்றாகப் பாலித் தீவை எடுத்துக்கொள்வோம்.

பாலி இந்தோனேசியக் குடியரசைச் சேர்ந்தது. ஜாவாத் தீவுக்குக் கிழக்கே, பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே அமைந்திருக்கிறது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அங்கே வாழ்கின்றனர். அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். தீவின் கிழக்குப் பகுதியில் 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது ஆகுங் என்னும் எரிமலை. 1963-ஆம் ஆண்டில் அது சீறியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டில் அது மீண்டும் புகை கக்கியபோது விமான நிலையத்தையே சில நாட்கள் மூட நேர்ந்தது. ஆயினும் எரிமலைச் சாம்பலே அத்தீவின் வயல்களுக்கு வளம் தந்தது. அழித்ததும் அதுவே, அளித்ததும் அதுவே.

அங்கே எப்போது போவது? ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட பருவம். நவம்பர் முதல் மார்ச் வரை மழைப் பருவம். மழைக்காலத்தில் மேல்காற்று வீசும்போது, கடலில் மிதக்கும் குப்பை கூளங்கள் மேற்குக் கடற்கரைகளில் வந்து ஒதுங்குகின்றன. படத்தில் கண்ட வெண்மணலை எதிர்பார்த்து அந்நாட்களில் செல்பவர் ஏமாற்றமடையக்கூடும்.

கடற்கரை என்று பொதுவாகச் சொல்லிவிட்டாலும் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. கிழக்கே உள்ள சானூரில் பவளப்பாறைகள் அலைகளைத் தடுத்து நிறுத்துவதால் கடல் அமைதியாக இருக்கும். அங்கே கதிரவன் எழுவதைக் காணலாம். மேற்கே உள்ள கூத்தாவில் பேரலைகள் எழும். அங்கே கதிரவன் மறைவதைக் காணலாம். ஆனால் கூத்தாவின் அலைகளுக்குக் கீழே ஆளை உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு. காவலர் நட்டு வைத்த சிவப்பு, மஞ்சள் கொடிகளுக்கு இடையில் மட்டுமே நீராட வேண்டும். வடக்கே லோவினாவின் மணலோ எரிமலையின் வழிவந்த கருமணல்.

உணவைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பாலி மக்களின் சமையலுக்கு அடிப்படையான மசாலையில் சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள், பேரரத்தை, கச்சோலம், மிளகாய் ஆகியவற்றைச் சேர்த்து அரைக்கிறார்கள். மீனைக் கொத்தித் தேங்காயுடனும் மசாலையுடனும் பிசைந்து, எலுமிச்சைப் புல்லின் தண்டில் பற்றவைத்து, தணலில் வாட்டுவது சாத்தே லிலித். சோற்றைச் சுற்றிப் பல கறிகளைச் சிறிது சிறிதாக வைத்துத் தருவது நாசி சம்பூர். இவற்றைப் பெரிய விடுதிகளில் தேட வேண்டியதில்லை. ‘வாருங்’ எனப்படும் தெருவோரச் சிற்றுணவகங்களில் எளிதில் கிடைக்கும். புலால் உண்ணாதவர்களுக்குச் சோயாவில் செய்த தெம்பே உண்டு. ஆயினும் மிளகாய்த் துவையலில் இறால் விழுது கலந்திருக்கக்கூடும். கேட்டு உண்பது நலம்.

இனித் திருவிழாக்களுக்கு வருவோம். பாலி மக்களிடம் இரண்டு நாட்காட்டிகள் வழங்குகின்றன. ஒன்று பாவுக்கோன்; அதன் சுற்று 210 நாட்கள். அதற்குள் மூன்று நாள் வாரம், ஐந்து நாள் வாரம், ஏழு நாள் வாரம் எனப் பல வாரங்கள் ஒருங்கே சுழல்கின்றன! இக்கணக்கின்படி வருவதே கலுங்கான். முன்னோர் தம் இல்லம் தேடி வருகின்றனர் என்பது நம்பிக்கை. அவர்களை வரவேற்க வீட்டு வாசல்தோறும் நெடிய மூங்கிலை வளைத்து, ஓலைத் தோரணங்களால் அழகு செய்து நடுகிறார்கள். 210 நாட்களுக்கு ஒருமுறை வருவதால் ஓராண்டில் இருமுறையும் வரலாம். 2025-ஆம் ஆண்டில் ஏப்ரல் 23-ஆம் நாளும், நவம்பர் 19-ஆம் நாளும் கலுங்கான் வந்தது.

மற்றொன்று சக ஆண்டைக் கொண்ட நாட்காட்டி. கி.பி. 78-இல் தொடங்கிய அதே சக ஆண்டை 1957-ஆம் ஆண்டில் நம் இந்திய அரசும் தேசிய நாட்காட்டிக்கு மேற்கொண்டது. நாம் புத்தாண்டை வாழ்த்தொலியோடு தொடங்குகிறோம். பாலி மக்களோ மௌனத்தோடு தொடங்குகிறார்கள். அந்நாளுக்கு ஞெபி என்று பெயர். பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வரும்.

முந்திய மாலையில் தீவெங்கும் பேரொலி. மூங்கிலாலும் காகிதத்தாலும் செய்த பூத உருவங்களை இளைஞர்கள் தோளில் தூக்கித் தெருத்தெருவாக ஆடி வருகிறார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு எல்லாம் அடங்கிவிடும். தீ மூட்டலாகாது; தொழில் செய்யலாகாது; வெளியே செல்லலாகாது; கேளிக்கை கூடாது. இந்நான்கு விரதங்களும் அடுத்த நாள் காலை ஆறு மணி வரை நீடிக்கும். மருத்துவமனைகள் மட்டும் இயங்கும். விமான நிலையம் முழுநாளும் மூடப்படும். 2018-ஆம் ஆண்டு முதல் கைப்பேசிகளின் இணையத் தொடர்பும் அன்று நிறுத்தப்படுகிறது. வானொலியும் வாய் திறப்பதில்லை! வேற்று நாட்டாருக்கும் விலக்கில்லை. விடுதிக்குள்ளேயே இருக்க வேண்டும். கடற்கரைக்கும் செல்ல முடியாது.

இதை அறியாமல் மூன்றே நாள் தங்கும்படி திட்டமிட்டு வந்தவர் என்ன செய்வார்? “ஒரு நாள் வீணாயிற்றே” என்று வருந்துவார். அறிந்து வந்தவரோ, விளக்குகள் அணைந்த தீவின்மேல் விண்மீன்கள் நிறைந்து நிற்பதைக் கண்டு மகிழ்வார். இழப்பும் பேறும் ஒரே இரவுதான். இடையில் நிற்பது அறிவு ஒன்றே.

ஓய்வு தேடிப் பிறர் வரும் தீவு தனக்கும் ஓய்வு கேட்பது வியப்பன்று. 2019-ஆம் ஆண்டில் மட்டும் 60 லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் அங்கே வந்தனர். தீவின் மக்கள்தொகையைவிட விருந்தினர் தொகை மிகுதி! அவர்கள் நீராடும் குளத்துக்கும் உழவனின் வயலுக்கும் நீர் ஒன்றே. அந்நீரைப் பங்கிட்டுக் கொள்ள ‘சுபாக்’ என்னும் உழவர் கூட்டமைப்பு பல நூற்றாண்டுகளாக அங்கே இருந்து வருகிறது. மேல்மடை உழவரும் கீழ்மடை உழவரும் நீர்க்கோயிலில் கூடி, யார் எப்போது நடுவது என்று முடிவு செய்கிறார்கள். யுனெஸ்கோ 2012-ஆம் ஆண்டில் இந்த நீர் முறையை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. எனினும் தென்பாலியில் வயல்கள் பல விடுதிகளாக மாறிவிட்டன. விருந்தினரே வந்து பார்க்க விரும்பிய பசுமையை விருந்தினரின் தேவையே குறைத்துவிடுகிறது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் அயல்நாட்டுப் பயணிகளிடம் தலைக்கு 1,50,000 ரூபியா வாங்குகிறார்கள். பண்பாட்டையும் இயற்கையையும் காப்பதற்காக அது பெறப்படுகிறது. ஆனால் பணத்தால் மட்டும் இக்கடன் தீர்ந்துவிடாது.

ஆகவே, மாணவ நண்பர்களே, பயணத் திட்டம் வகுக்கும்போது அந்த ஊரின் நாட்காட்டியை முதலில் விரியுங்கள். மழை எப்போது, விழா எப்போது, மௌனம் எப்போது என்று குறித்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் செல்ல இடையில் கட்டும் துணி வேண்டுமா என்று கேளுங்கள். பாலியின் நடைபாதைகளில் ஓலைத் தட்டில் பூ வைத்திருந்தால் மிதிக்காமல் விலகி நடவுங்கள். அது காலையில் ஒருவர் வழிபட்டு வைத்த காணிக்கை. எல்லாவற்றுக்கும் மேலாக, எதையும் செய்யாத ஒரு நாளைத் திட்டத்தில் விட்டு வையுங்கள். பாலித் தீவே ஆண்டுக்கு ஒருமுறை அப்படி ஒரு நாளை ஒதுக்கும்போது, அங்கே செல்லும் நமக்கும் அது பொருந்தும்.