மூலத்துக்குத் தெற்கே ஒரு விண்மீன்

(மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மூல நட்சத்திரத்தை அறியாதார் நம்மில் இலர். ஆடி மாதத்து முன்னிரவில், மழை விட்ட வேளையில் லயத்து வாசலில் நின்று தெற்கே நோக்கினால் விருச்சிகத்தின் வளைந்த வால் தெரியும். அதற்கும் கீழே பீடம் என்றொரு சிறு மண்டலம் உண்டு. இலண்டன் நகரத்தார்க்கு அது ஒருபோதும் உதிப்பதில்லை. நமக்கோ மலைமுகட்டுக்கு மேலே எழும். அங்குள்ள, வெறுங்கண்ணுக்கு எட்டாத ஒரு விண்மீனைப் பற்றியே நாம் பேசப் புகுந்தோம்.

சூரியனையொத்த விண்மீன்கள் முதுமையில் பருத்துச் சிவந்து, தம் மேற்போர்வையை வாயுவாகவும் தூசியாகவும் உதிர்க்கின்றன. எஞ்சிய கரு சூடேறி அவ்வாயுவை ஒளிரச் செய்யும்போது அதனைக் கோளுரு நெபுலா என்பர். கோள்களுக்கும் அதற்கும் உறவேதுமில்லை. வில்லியம் ஹெர்ஷல் தம் தொலைநோக்கியில் வட்டமாகக் கண்டு இட்ட பெயர் அது. சிவப்புக்கு அப்பாலுள்ள செங்கீழ்க் கதிரை 1800இல் கண்டுபிடித்தவரும் அவரே!

றப்பர் புகைக்கூடத்தின் அருகே இருட்டில் நின்றால் வெளிச்சம் தெரியாது. ஆயினும் முகத்தில் வெப்பம் படும். விண்மீன் உதிர்த்த தூசியும் அத்தகையதே. பனிக்கட்டியிலும் மிகக் குளிர்ந்து கிடந்தும் அது செங்கீழ்க் கதிரை வீசுகின்றது. ஆனால் காற்றிலுள்ள நீராவி அக்கதிரில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நமது இரத்தினபுரிக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே 1983இல் ஐராஸ் என்னும் செயற்கைக்கோளை வளிமண்டலத்துக்கு வெளியே ஏவினர். பத்தே மாதத்தில் அது வானம் ஏறக்குறைய முழுவதையும் துழாவிப் பட்டியலிட்டது.

பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த பார்த்தசாரதி, தூசி சூழ்ந்த முதிய விண்மீன்களை அப்பட்டியலின் துணைகொண்டு தேடினார். அவற்றுள் ஒன்று பீடத்திலுள்ள எஸ்.ஏ.ஓ. 244567. 1971இல் எடுத்த நிறமாலை அதனை வெறும் நீல விண்மீனாகவே காட்டியது. 1990, 1992ஆம் ஆண்டுகளில் பார்த்தபோதோ நெபுலாவுக்கே உரிய கோடுகள் துலங்கின! நாற்பது ஆண்டுக்குள் ஒரு விண்மீன் உருமாறிவிட்டதென அவரும் தோழர்களும் 1993இல் வெளியிட்டனர். ஆயிரமாயிரம் ஆண்டுக் கணக்கில் நடப்பதென நாம் எண்ணியிருந்த மாற்றம் ஒரு தொழிலாளி கொழுந்து பறிக்கும் காலத்துக்குள் முடிந்திருக்கின்றது. 1971இன் பதிவை எவரும் பேணி வைத்திராவிடின் இச்செய்தியே இல்லை.

1996இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்த படத்தைக் கண்டோர் அதற்குத் திருக்கை மீனின் பெயரை இட்டனர். கதை அத்துடன் முடியவில்லை. 1971இல் 21,000 பாகையளவில் இருந்த வெப்பம் 2002இல் 60,000 வரை ஏறி, பின்னர் இறங்கலாயிற்று. 2016இல் எடுத்த படத்தில் நெபுலா வெகுவாக மங்கியிருந்தது. அணைந்த கருவைச் சூழ்ந்த ஹீலியம் மீண்டும் பற்றிக்கொண்டதே காரணமென ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அவர்கள் கூற்று மெய்யாயின், சில நூறாண்டுக்குள் அவ்விண்மீன் மறுபடியும் பருத்துக் குளிர்தல் வேண்டும்.