மீட்பு என்னும் சொல்



மீட்பு என்னும் சொல்லுக்குப் பொருள் காண நாம் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. அடகு வைத்த நகையை மீட்பதும், ஒத்தி வைத்த காணியை மீட்பதும் நம் வீடுகள் அறிந்தவையே. வாங்கிய முன்பணத்திற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்தோரின் கதையும் நாம் அறியாததன்று. மருங்காபுரி ஒரு காலத்தில் ஜமீன். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமோ 1976-இல்தான் வந்தது.

புதிய ஏற்பாட்டை எழுதியோரும் இத்தகைய ஒரு சொல்லையே கையாண்டனர். அடிமையையோ சிறைப்பட்டவனையோ விடுவிக்கக் கொடுக்கும் விலையைக் குறித்த கிரேக்கச் சொல் அது. மனிதன் பாவத்திற்கு அடிமைப்பட்டிருக்கிறான். தன் உழைப்பால் அக்கட்டினின்று விடுபட அவனால் இயலாது. கிறிஸ்து தம் உயிரையே விலையாகத் தந்து அவனை மீட்டார். கிறிஸ்தவர்களின் நம்பிக்கை இதுவே.

தாழ்ந்த பிறப்பு முன்வினைப் பயன் என்று நம் முன்னோர்க்குச் சொல்லப்பட்டு வந்தது. எல்லா மனிதரும் பாவிகளே என்றது கிறிஸ்தவம். கேட்பதற்குக் கடுமையான சொல்தான். எனினும், அவ்வரிசையில் பண்ணையாரும் படியாளும் அருகருகே நிற்கின்றனர் என்பதைக் கவனியுங்கள். பிறப்பினால் ஒருவனுக்குக் கூடுதல் பாவம், மற்றவனுக்குக் குறைவு என்ற கணக்கு அங்கே இல்லை. பட்டம் பெற்ற பின்னும் சபையில் பின்வரிசை தேடும் நம் பிள்ளைகள் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடன் தீர்ந்து பத்திரம் கிழிக்கப்பட்ட பின்னும், பழக்கத்தால் விடியற்காலையில் பண்ணை வாசலில் போய் நிற்பவனை என்னவென்று சொல்வது?

மீட்பு ஆன்மாவுக்கு மட்டுமே உரியது, ஊர் வழக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பாரும் உளர். அதை நாம் ஏற்பதற்கில்லை. பவுல், தப்பியோடிய ஒநேசிமுவை எசமானன் பிலமோனிடம் திருப்பி அனுப்பியபோது, இனி அவனை அடிமையாக அன்று, சகோதரனாக ஏற்கும்படி எழுதினார். சாதியைத் திருச்சபை அறவே விட்டொழிக்க வேண்டும் என்று 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் ஆணையிட்டார். தஞ்சைக் கிறிஸ்தவர்களிலேயே பலர் அதனை எதிர்த்தனர். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் வழிபடுவோரைச் சாதியால் பிரித்துவைத்த ஆலயத் தடுப்புச் சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரையும் சாதியால் பிரித்த சுவரை எதிர்த்து 2010-இல் போராட்டம் நடந்தது. ஒரே மீட்பரை நம்பி மரித்தவர்களுக்கு இடையே எழுப்பிய சுவர்! மீட்கப்பட்டோம் என்று பாடியவர்களின் பாவமே அது.

பிறரைச் சுட்டிய விரலை நம் பக்கமும் திருப்புவோம். பெண் கேட்டு வருவோரிடம் உட்பிரிவை விசாரித்து, நம்மினும் தாழ்ந்தவர் என்று வாசலோடு அனுப்பும் வழக்கம் நம் தெருக்களில் இன்றும் உண்டு. பிலமோன் அந்தக் கடிதத்தைப் படித்தபின் என்ன செய்தான் என்பது வேதாகமத்தில் எழுதப்படவில்லை.