பிந்தி வருகிறவர்களின் வானம்



முப்பது வயதைத் தாண்டிய ஒருவர் விமானி ஆகப் போகிறேன் என்றால் நம் ஊரில் சிரிப்பார்கள். சட்டம் சிரிப்பதில்லை. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மருத்துவத் தகுதி, எழுத்துத் தேர்வுகள், 200 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும். மேல் வயது வரம்பு கிடையாது. 65 வயது வரை பயணிகள் விமானம் ஓட்டலாம். 33இல் உரிமம் வாங்குகிறவருக்கு இன்னும் முப்பது ஆண்டுகள் இருக்கின்றன.

பிறகு எது தடுக்கிறது? பணம். பயிற்சிக்கே அரைக்கோடி ரூபாய் அளவுக்கு ஆகிறது. அவ்வளவு கடனுக்கு வங்கி சொத்துப் பத்திரம் கேட்கிறது. தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவர்களிடம் பத்திரம் கேட்பது, வேறு வார்த்தையில் சாதி கேட்பதுதான்.

தாமதத்துக்கும் சாதி உண்டு. அப்பா பணத்தில் 18 வயதில் பயிற்சிக்குப் போகிறவர் திறமைசாலி. வீட்டுக் கடனை அடைத்து, தங்கையைப் படிக்க வைத்துவிட்டு 31இல் வருகிறவர் காலம் கடந்தவர். இருவரும் ஒரே இடத்திலிருந்தா ஓட ஆரம்பித்தார்கள்?

பெஸ்ஸி கோல்மனை நினைத்துப் பாருங்கள். டெக்சாஸில் 1892இல் பிறந்தவர். சிறுவயதில் பருத்தி எடுத்தவர். சிகாகோவில் நகம் அழகுபடுத்தும் வேலை செய்தார். கறுப்பினப் பெண் என்பதால் அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகள் சேர்க்கவில்லை. பிரெஞ்சு மொழி கற்று, பிரான்சுக்கே போய், 1921இல் உரிமம் பெற்றார். அப்போது வயது 29. கறுப்பின மக்களுக்குப் பறக்கும் பள்ளி தொடங்க நினைத்தவர், 1926இல் விமான விபத்தில் இறந்தார். ஒருவருடைய மன உறுதியைப் பாராட்டலாம். ஆனால் எல்லோரும் கடல் தாண்டித்தான் கற்க வேண்டும் என்றால் அது நீதி ஆகாது.

இங்கே பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் உயர்தரக் கல்வித் திட்டம், தனியார் பயிற்சிக் கழகங்களில் விமானிப் பயிற்சிக்கு ஆண்டுக்கு 3.72 லட்சம் ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருந்தது. செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடா கைக்குப் போனபோது, அங்கே இருந்த இடஒதுக்கீட்டுக் கடமையும் போய்விட்டது. 2025இல் ஒரு பயிற்சி விமானி, மேலதிகாரிகள் தன்னைச் செருப்புத் தைக்கப் போகச் சொன்னதாகக் காவல்துறையில் புகார் கொடுத்தார். நிறுவனம் அதை மறுத்தது. உரிமம் வாங்கிய பிறகும் போராட்டம் முடிவதில்லை.

ஆகவே மூன்று கோரிக்கைகள்: முழுச் செலவையும் ஏற்கும், வயது வரம்பில்லாத உதவித்தொகை, அரசே பிணை நிற்கும் கடன், தனியார் விமான நிறுவனங்களில் இடஒதுக்கீடு.

ஆசையுள்ள தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டணம் கட்டும் முன் மருத்துவப் பரிசோதனையை முடியுங்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே எந்தப் பள்ளியிடமும் கொடுக்காதீர்கள். வயதைக் காட்டி யாராவது சிரித்தால், எங்களைத் தாமதப்படுத்தியது யார் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஜெய்பீம்.