வீட்டுக் கல்வியும் அகத்தெழும் ஊக்கமும்

(திருவட்டாற்றில் கூடிய நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பிள்ளைகளின் கல்வியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுக என்று நம் சங்கத்தார் பணித்தபொழுது யாம் சற்றுத் தயங்கினோம். கல்வியின் பெருமையை இவ்வவையில் எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆதலின் அதனை விடுத்து, எம் இல்லத்தில் யாம் செய்த பிழை ஒன்றையும், அப்பிழையினால் யாம் கற்ற பாடத்தையும் உங்கள் முன் வைக்கத் துணிந்தோம். பிறர் பிழையைச் சொல்வது எளிது. தம் பிழையைச் சொல்வதே கேட்போர்க்குப் பயன்படும்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயின் பொருட்டுப் பள்ளிகள் யாவும் அடைக்கப்பட்டமை நீங்கள் அறிந்ததே. 2021 நவம்பர் முதல் நாளிலேதான் நம் மாநிலத்துச் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட காலம் நம் வீட்டுத் திண்ணைகளே பள்ளிக்கூடங்களாயின. அரசாங்கத்தாரும் அவ்வாண்டின் இறுதியில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தை ஏற்படுத்தி, தன்னார்வலர்களைக் கொண்டு பிள்ளைகளின் வீட்டருகிலேயே பாடம் சொல்லச் செய்தனர். பின்னர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளிக்குத் திரும்பினர். சில குடும்பத்தார் மட்டும் வீட்டிலேயே கற்பிப்பதென்று உறுதி கொண்டனர். எம் மகனும் மருமகளும் அச்சிலருள் சேர்ந்தனர். பேரனுக்குப் பாடஞ்சொல்லும் பொறுப்பில் ஒரு பங்கு எம்மிடம் வந்தது.

பையன் இயல்பிலே கதைப் புத்தகம் விரும்புபவன். அவ்விருப்பத்தை வளர்ப்பதாக எண்ணி, பத்துப் பக்கம் வாசித்தால் பத்து ரூபாய் தருவதாக யாம் வாக்களித்தோம். முதல் மாதம் புத்தகங்கள் பறந்தன. யாமும் எம் சாமர்த்தியத்தை எண்ணி மகிழ்ந்தோம். இரண்டாம் மாதம் ஒருநாள் பையன் ஒரு பக்கத்தைக் காட்டி, “பாட்டா, இதில் பாதிக்குமேல் படமாக இருக்கிறதே, இதையும் ஒரு பக்கமாகக் கணக்கில் சேர்ப்பீர்களா?” என்று வினவினான். கதையில் யார் வென்றான், யார் தோற்றான் என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, கூலிக் கணக்குக் கேட்கத் தொடங்கிவிட்டான்! பிறகு யாம் ஒரு காரியமாகப் பதினைந்து நாள் வெளியூரில் தங்கினோம். திரும்பி வந்து பார்த்தால் புத்தகங்கள் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. பணம் நின்றது, படிப்பும் நின்றது.

இஃது எம் வீட்டில் மட்டும் நிகழ்ந்த விந்தையன்று. 1973-ஆம் ஆண்டில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மனநூல் அறிஞர் மூவர் அமெரிக்க நாட்டிலே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மழலையர் பள்ளியில் தாம் நடத்திய ஆராய்ச்சியொன்றை வெளியிட்டனர். படம் வரைவதில் தாமே விருப்பமுடைய சிறு பிள்ளைகளைத் தேர்ந்து மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு, வரைந்தால் நற்சான்றுப் பத்திரம் தருவதாக முன்னரே சொன்னார்கள். இரண்டாம் பிரிவினர்க்கு முன்னர்ச் சொல்லாமல், வரைந்த பின் அப்பத்திரத்தைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினர்க்கு ஒன்றும் கொடுத்திலர். ஓரிரு வாரங்கள் கழித்து, விருப்பம்போல் விளையாடலாம் என்று பிள்ளைகளை விட்டுக் கவனித்தபொழுது, பரிசை எதிர்நோக்கி வரைந்த பிள்ளைகள், ஏனையோர் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதியே வரைந்தனர். எதிர்பாராது பரிசு பெற்றவர்க்கோ, பரிசே பெறாதவர்க்கோ அக்குறை நேரவில்லை.

இதனால் விளங்குவது யாது? பரிசு தன்னளவிலே தீயதன்று; பரிசைக் காட்டி வேலை வாங்குதலே தீது. விருப்பத்தால் செய்யும் காரியத்திற்குக் கூலி பேசிவிட்டால், ‘கூலியில்லாமல் செய்யத்தக்கதன்று இது’ என்று பிள்ளை தானே முடிவு கட்டிவிடுகிறது. பிரம்பைக் காட்டிப் படிக்க வைப்பதும் இத்தகையதே. பிரம்பு மறைந்தால் படிப்பும் மறையும். பள்ளியிலேனும் மணியும் வகுப்பும் தோழரும் பிள்ளையை இழுத்துச் செல்வர். வீட்டில் அவை இல்லை. ஆகவே வீட்டிலிருந்து கற்கும் பிள்ளைக்கு அகத்திலே எழும் ஊக்கமே மணியும் வகுப்புமாக நிற்கவேண்டும். அதனை அணைத்துவிட்டால் வேறு கதியில்லை.

அவ்வூக்கம் எவ்வாறு வளரும்? தொலைவில் தேடவேண்டா. நம் நாஞ்சில் நாட்டுத் தேரூரிலே 1876-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்களை நோக்குங்கள். அந்நாளில் நம் நாடு திருவிதாங்கூர் அரசைச் சார்ந்திருந்தது. அவர் சிறுவராய்ப் பயின்ற பள்ளியில் கற்பித்த மொழி மலையாளம். தமிழை அவர் பள்ளிக்குப் புறத்தே, திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்த மடமொன்றில் இருந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் கற்றார். அக்கல்விக்கு முன்னிட்டுச் சொல்லத்தக்க பரீட்சை யாது? உத்தியோகம் யாது? தமிழில் தோய்ந்த ஒருவர் அருகே அமர்ந்து கற்றார். அத்தோய்வு மாணவரையும் பற்றிக்கொண்டது. பிற்காலத்தில் பன்னெடுங்காலம் ஆசிரியராய் உழைத்து, குழந்தைகளுக்கு இனிய பாடல்களும் இயற்றி, 1940-இல் ‘கவிமணி’ என்னும் பட்டமும் பெற்றார். தான் விரும்பாத ஒன்றைப் பிள்ளை விரும்பவேண்டும் என்று கேட்கும் தந்தை இதனைச் சிந்திப்பாராக. மாலை முழுதும் கைப்பேசியைத் தடவிக்கொண்டு, “போய்ப் படி” என்று அதட்டினால் பிள்ளை எதனைக் கற்கும்? நம் சொல்லையா, நம் செயலையா?

மற்றோர் உதாரணம் வங்காளத்தது. 1861-இல் பிறந்த இரவீந்திரநாத தாகூர், பள்ளிகள் பல மாறியும் எதிலும் மனம் பொருந்தாமல், பெரும்பாலும் வீட்டிலேயே கற்றவர். அவருக்கு வீட்டு ஆசிரியர்கள் பலர் இருந்தனர். காலை தொடங்கி இரவுவரை பாடங்கள் இருந்தன. ஆயினும் அவர் பிற்காலத்தில் நன்றியோடு நினைந்தது, 1873-இல் தந்தையார் தேவேந்திரநாதரோடு இமயமலைக்குச் சென்ற பயணத்தையே. தந்தையார் பகலில் வடமொழியும் ஆங்கிலமும் சொல்லித் தந்தார். இரவில் விண்மீன்களைக் காட்டி வானநூல் விளக்கினார். அதனினும் பெரிது ஒன்றுண்டு. மலைவழிகளில் மகன் தனியே உலாவுவதைத் தடுத்திலர். தம் விலையுயர்ந்த பொற்கடிகாரத்திற்குச் சாவி கொடுக்கும் பொறுப்பையும் அச்சிறுவனிடம் ஒப்படைத்தார். சிறுவன் பேரார்வத்தோடு முறுக்கியதில் கடிகாரம் பழுதுற்றுக் கல்கத்தாவுக்குப் போயிற்று. பழுதுபடக்கூடிய பொருளையும் பிள்ளையின் கையில் நம்பித் தரும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? அப்பிள்ளையே வளர்ந்து, 1901-இல் ஐந்து மாணவர்களைக் கொண்டு சாந்திநிகேதனத்திற் பள்ளி தொடங்கினார் என்பதை நினைவிற் கொள்க.

இனி, எம் இல்லத்துக் கதைக்கு மீள்வோம். கூலியால் கெட்ட படிப்பைக் கூலியால் திருத்த இயலாதென்று உணர்ந்து, யாம் பேசாமலிருந்தோம். மாசி மாதத்தில் ஒருநாள், எம் ரப்பர்த் தோட்டத்தில் வைத்திருந்த தேனீப் பெட்டிகளைப் பார்க்கப் பையனும் உடன் வந்தான். பழைய இலை உதிர்ந்து, மரமெல்லாம் தளிர்த்திருந்த காலம். நெடுநேரம் அண்ணாந்து பார்த்தவன், “பாட்டா, தேனீ பூவுக்குப் போகாமல் இலையையே சுற்றுகிறதே, ஏன்?” என்றான். விடை எமக்குத் தெரியும், வாய்வரை வந்துவிட்டது. ஆயினும் அன்று எவ்வாறோ அதனை அடக்கிக்கொண்டு, “நீயே பார்த்துச் சொல், அப்பனே” என்றோம்.

மூன்று நாள் அவன் தோட்டமே கதியென்றிருந்தான். தாழ்ந்த கிளையொன்றை வளைத்துப் பூதக்கண்ணாடியால் நோக்கி, மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பின் நுனியிலே சிறு முடிச்சுகள் இருப்பதையும், அவற்றில் இனிய நீர் கசிவதையும் தானே கண்டான். ரப்பர்த் தோட்டத்துத் தேனில் பெரும்பங்கு பூவில் பிறப்பதன்று, தளிர் இலையின் சுரப்பியில் பிறப்பது என்னும் உண்மை அவனுக்குச் சொந்தமாயிற்று. அதன்பின் தேனீயைப் பற்றிய புத்தகத்தை அவனே கேட்டான். பக்கக் கணக்கை அவனும் கேட்டிலன், யாமும் சொன்னோமல்லோம். எத்தனை பெட்டியில் எத்தனை கிலோ தேன் என்று எழுதுவதில் அவன் கணிதமும் சேர்ந்துகொண்டது.

இவற்றால் யாம் தேர்ந்தவை மூன்று. முதலாவது, பிள்ளைக்குத் தெரிவு செய்ய இடம் வேண்டும். பாடத்தை நாம் குறிப்பினும், அதனைக் காலையிற் படிப்பதா மாலையிற் படிப்பதா, எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்பவற்றையேனும் பிள்ளையிடம் விடுக. இரண்டாவது, தன்னால் முடியும் என்னும் நம்பிக்கை வேண்டும். வேலை மிக எளிதாயின் சலிப்பும், மிக அரிதாயின் அச்சமும் உண்டாகும். சற்றே முயன்றால் எட்டும் உயரத்தில் அதனை வைத்தல் பெற்றோரின் கடமை. மூன்றாவது, அன்புடையார் ஒருவரின் துணை வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவது அத்துணையாகாது. உடனிருந்து கேட்பதே துணை.

வீட்டுக் கல்வியை நாடுவோர்க்கு எச்சரிக்கையும் ஒன்று கூறுவோம். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் கட்டாய இலவசக் கல்வியுரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. பள்ளி நம் பகையன்று. அது நம் முன்னோர் பலர்க்கு எட்டாதிருந்த செல்வம். பெற்றோரில் ஒருவரேனும் நாள்தோறும் நேரம் ஒதுக்க இயலாத வீட்டில் பிள்ளையைப் பள்ளியினின்றும் நிறுத்துவது பெரும் தீங்காகும். வீட்டிலேயே கற்பிப்போர், பிள்ளைக்கு 14 வயது நிறைந்தபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவிக்கலாம். மேலும், வீட்டுக் கல்வி என்பது வீட்டுக்குள் அடைக்கும் கல்வியன்று. நம் உறவினர் பிள்ளைகளோடு மட்டும் பழகி வளரும் பிள்ளை உலகை அறியாது. ஊரிலுள்ள எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளோடும் அது விளையாடவும் வாதிடவும் வேண்டும்.

இறுதியாக, நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் அதிக மதிப்பெண் பெற்றோர்க்கு நாம் பரிசளிக்கிறோம். நோக்கம் நன்றே. ஆயினும் மேடையேறும் நான்கு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு கீழே அமர்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளின் மனநிலையை நாம் எண்ணினோமா? மேடையேறிய பிள்ளையேனும் பரிசுக்குப் பின் அந்நூலை விருப்பத்தோடு திறக்கிறதா என்று கேட்டோமா? பரிசை நிறுத்துக என்று யாம் சொல்லவில்லை. அத்தொகையில் ஒரு பாதியைக் கொண்டு நம் சங்கக் கட்டிடத்தில் பிள்ளைகளுக்கென ஒரு வாசகசாலையும், ஒரு பூதக்கண்ணாடியும், விண்மீன் பார்க்கச் சிறு தொலைநோக்கியும் வைப்போம். எந்தப் பிள்ளையும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிடுவோம். வாரம் ஒருநாள் பெரியவர் ஒருவர் அங்கிருந்து, தாம் விரும்பும் ஒன்றைத் தாமே செய்துகொண்டிருந்தால் போதும். முதல் வாரத்துக்கு யாமே வருகிறோம். தேனீப் பெட்டி ஒன்றும் கொண்டுவருகிறோம்.

பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல நாம் எப்பொழுதும் முந்துகிறோம். ஒரு கணம் பொறுத்து, “நீயே பார்த்துச் சொல்” என்று சொல்லப் பழகுவோமாக.