ஏலாக்குறிச்சியில் எழுந்த ஒரு நூல்



ஆசிரியப் பயிற்சி பெறுவோர் முதன்முதலில் எழுதப் பழகுவது பாடத்திட்டம். நாற்பது நிமிடப் பாடம் ஒன்றுக்கு நான்கு பக்கம் எழுதவேண்டும். அதில் தலைப்பை அடுத்து வரும் சொல் 'நோக்கம்' என்பது. இப்பாடம் முடியும்போது மாணவன் எதனை அறிந்திருப்பான், எதனைச் செய்ய வல்லவனாயிருப்பான் என்று முன்னதாகவே எழுதியாக வேண்டும். நோக்கம் எழுதாத பாடத்திட்டத்தில் மேற்பார்வையாளர் கையெழுத்திட மாட்டார். நானும் அவ்வாறு நூற்றுக்கணக்கான நோக்கங்களை எழுதியவன். நாற்பது நிமிடத்திற்கு ஒரு நோக்கம் வேண்டுமானால் நாற்பது ஆண்டு வாழ்க்கைக்கு வேண்டாவோ என்னும் வினா, பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்து, ஒரு பழைய உரைநடை நூலைப் படித்தபோது எனக்கு எழுந்தது. அந்நூலைப் பற்றியும், அத்தகைய நூல்கள் மக்கள் வாழ்வில் என்ன செய்தன என்பதைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நூலின் பெயர் 'வேதியர் ஒழுக்கம்'. எழுதியவர் வீரமாமுனிவர். எழுதிய ஆண்டு 1727. நான் குன்னத்தைச் சேர்ந்தவன். குன்னம், பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட கரிசல் நிலத்து ஊர். எங்கள் ஊரிலிருந்து அரியலூர் வழியாகத் தெற்கே சென்றால் கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. இத்தாலி நாட்டில் 1680-இல் பிறந்த பெஸ்கி என்னும் துறவி, 1710-இல் இந்தியா வந்து, தமிழ் கற்று, நெடுநாள் தங்கியிருந்த ஊர் அது. அவ்வூருக்கு அவர் இட்ட பெயர் திருக்காவலூர். அங்கே அடைக்கல அன்னைக்குக் கோயில் எழுப்பினார். தமிழறிந்தோர் போற்றும் 'தேம்பாவணி'யை 1726-இல் இயற்றி முடித்தார். அதற்கு அடுத்த ஆண்டில் எழுதியது நான் சொல்லும் உரைநடை நூல். தேம்பாவணியின் பெயரைத் தேர்வுக்காகவேனும் எல்லாரும் அறிவீர்கள். வேதியர் ஒழுக்கத்தை அறிந்தவர் உங்களில் மிகச் சிலராகவே இருத்தல் கூடும்.

ஈண்டு 'வேதியர்' என்ற சொல் அந்தணரைக் குறிப்பதன்று. கிறிஸ்தவ மறையைச் சிற்றூர் மக்களுக்குக் கற்பித்த உபதேசியாரைக் குறிப்பது. அக்காலத்தில் குருமார் மிகச் சிலர். ஒரு குருவின் பொறுப்பில் பல ஊர்கள் இருந்தன. அவர் ஓர் ஊருக்கு வந்து சென்றால் மீண்டும் வரப் பல மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலமெல்லாம் அவ்வூர் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லுவதும், பிள்ளைகளுக்கு மறை கற்பிப்பதும், நோயாளரைச் சென்று காண்பதும், இறப்போரின் அருகில் இருப்பதும், அண்டை வீட்டார் சச்சரவைத் தீர்ப்பதும் உபதேசியாரின் பொறுப்பு. அவர் பெரும்புலவர் அல்லர். நம்மூர்க் குடியானவருள் ஒருவர். அவரை மேற்பார்க்க நாள்தோறும் எவரும் வருவதில்லை. மழை பொய்த்த ஆண்டில், கொள்ளைநோய் வந்த ஆண்டில், அவர் ஊரில் இருந்தாரா ஓடினாரா என்பதைக் கேட்பார் இல்லை. அத்தகைய மனிதர் கையில் கொடுப்பதற்கென்றே இந்நூல் எழுதப்பட்டது.

நூல் அவருக்குக் கல்வியைக் கற்பிப்பதைக் காட்டிலும் மிகுதியாக ஒழுக்கத்தைக் கற்பிக்கிறது. நீ ஏற்ற பணி எத்துணைப் பெரியது, அதற்கு உன் உள்ளம் எத்துணைத் தூயதாயிருக்க வேண்டும், பிறருக்குச் சொல்லுவதை நீ முன்னே செய்து காட்டுகிறாயா என்பனவே அதன் கவலை. ஓர் ஆசிரியன் இதனைப் படித்தால் தன்னை நோக்கி எழுதியதாகவே எடுத்துக்கொள்வான். நான் பிறந்த சமயம் வேறு. ஆயினும் எனக்கு அப்படித்தான் தோன்றிற்று.

இதே பேனாதான், சீடர் ஐவரை வைத்துக்கொண்டு திண்டாடிய ஒரு குருவின் கதையையும் எழுதிற்று என்பதை எண்ணிப் பாருங்கள். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர்களை நீங்கள் தொடக்கப் பள்ளியிலேயே அறிந்து சிரித்திருப்பீர்கள். பரமார்த்த குரு ஒன்றும் அறியாமல் குருவாக இருந்தவர். வேதியர் ஒழுக்கமோ, குருவின் இடத்தில் நிற்பவன் எப்படி இருத்தல் வேண்டும் என்று கூறுவது. இரண்டும் ஒன்றை ஒன்று நோக்கி நிற்கும் நூல்கள் என்பது என் கருத்து. ஆசிரியர்கள் இரண்டையும் சேர்த்தே படிக்கலாம்.

நூல் ஒன்றினால் மனிதன் வாழ்க்கையைத் திருத்த முடியும் என்ற நம்பிக்கை வீரமாமுனிவருக்கு எங்கிருந்து வந்தது? அதற்கு விடை தேட இருநூறு ஆண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும். ஸ்பெயின் நாட்டில் இனிகோ என்றொரு வீரன் இருந்தான். வாட்போரிலும் பேர் புகழிலும் ஆசை கொண்டவன். 1521-ஆம் ஆண்டில் பம்பலோனா என்னும் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவன் காலை முறித்தது. லொயோலா என்னும் தன் வீட்டில் பல மாதம் படுக்கையில் கிடந்தான். பொழுது போகவில்லை. வீரர் கதைப் புத்தகம் வேண்டும் என்று கேட்டான். அவ்வீட்டில் அத்தகைய நூல் ஒன்றுகூட இல்லை. கிடைத்தவை இரண்டே: கிறிஸ்துவின் வரலாறு ஒன்று, அடியார்களின் வரலாறு மற்றொன்று. வேறு வழியின்றி அவற்றைப் படித்தான்.

படித்ததைவிட, படித்தபின் அவன் செய்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. தன் மனத்தையே உற்றுப் பார்த்தான். போரையும் புகழையும் பற்றிக் கனவு கண்டால் அப்போது இனிக்கிறது. பின்னர் மனம் வறண்டு போகிறது. அடியார்களைப் போல வாழ்வதாக எண்ணினால் அப்போதும் இனிக்கிறது. பின்னரும் அந்த இன்பம் நிற்கிறது. இந்த வேறுபாட்டை அவன் கண்டுகொண்டான். அதுவே அவன் வாழ்க்கையின் திருப்பம். இலத்தீன் கற்க வேண்டி, முப்பது வயதைக் கடந்த பின், பார்சலோனா நகரில் சிறுவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து படித்தான். தேர்வில் ஒருமுறை தவறினால் கல்வியே முடிந்தது என்று எண்ணும் பிள்ளைகள் இச்செய்தியை மறவாதிருப்பது நல்லது. அவ்வீரரே இஞ்ஞாசியார் என வழங்கப்படுபவர். அவர் தொடங்கிய இயேசு சபை 1540-இல் போப்பாண்டவரின் ஒப்புதல் பெற்றது. அச்சபையைச் சேர்ந்தவரே நம் வீரமாமுனிவர்.

இடையில் இன்னொரு கண்ணியும் உண்டு. இஞ்ஞாசியார் படுக்கையில் படித்தது போன்ற அடியார் வரலாற்று நூல் ஒன்று, அவரது சபையைச் சேர்ந்த என்றீக்கே என்னும் பாதிரியாரால் நம் தமிழிலேயே எழுதப்பட்டு 1586-இல் அச்சேறியது. தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறை மக்களுக்காக எழுதியது அது. அதற்கு எட்டாண்டு முன்னர், 1578-இல், 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கச் சிறு நூலைத் தமிழ் எழுத்தில் கொல்லத்தில் அச்சிட்டவரும் அவரே. கடற்கரையில் வலை உலர்த்தும் மக்களுக்கு நூல் வேண்டும் என்று ஒருவர் எண்ணிய காலம், அச்சு நூலைப் பெரும்பாலான நாடுகள் கண்ணால் கண்டிராத காலம்.

தேம்பாவணிக்கு வருவோம், அதனை விட்டுச் செல்ல மனம் வரவில்லை. காப்பியத்திற்கு நிகரற்ற தலைவன் ஒருவன் வேண்டும் என்பது நம் இலக்கணம். மூவாயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு வீரமாமுனிவர் தேர்ந்த தலைவர் யார்? சூசை என்னும் தச்சர். வளன் என்று அவருக்குத் தமிழ்ப் பெயர் சூட்டினார். விவிலியத்தைத் திறந்து பாருங்கள். நான்கு நற்செய்தி நூல்களிலும் சூசை பேசியதாக ஒரு சொல்லேனும் இல்லை. அவர் செய்தவை மட்டுமே உள்ளன. எழுந்தார், தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு இரவிலேயே எகிப்துக்குப் புறப்பட்டார், காலம் வந்தபோது திரும்பினார், தொழில் செய்து குடும்பம் காத்தார். பேசாத ஒருவரைப் பெருங்காப்பியத்தின் தலைவராக்கிய துணிவைப் புலவர்கள் இன்னும் சற்று மிகுதியாகப் பாராட்டியிருக்கலாம். உவமையையும் வருணனையையும் எடுத்துக்காட்டி நிறுத்திக்கொள்கிறோம். ஒருவருடைய நம்பிக்கை அவர் சொல்லில் காணப்படாமல் செயலில் காணப்படுவதை விவிலியத்தை ஊன்றிப் படித்தாலன்றி இப்படி எடுத்திருக்க இயலாது.

இனி மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். நூலைப் படித்தவர் எல்லாரும் நூலின்படி நின்றனர் என்று நான் சொன்னால் அது உண்மையாகாது. தமிழ்நாட்டுத் திருச்சபைகள் பலவற்றில், எல்லாரும் ஒன்றே என்று கூறும் திருமுகத்தைக் கேட்ட மக்கள், சாதிக்கோர் இடமாகப் பிரிந்து அமர்ந்துதான் கேட்டனர். 1833-ஆம் ஆண்டு கல்கத்தாவின் ஆயர் தானியேல் வில்சன், சாதி வேற்றுமையைத் திருச்சபையினின்று அறவே நீக்குமாறு கட்டளையிட்டபோது தஞ்சையில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய பெரும்புலவர் வேதநாயக சாஸ்திரியாரே அவ்வேற்றுமை இருக்கலாம் என்ற கட்சியில் நின்றார். விவிலியத்தில் அவருக்கு இருந்த பயிற்சி நம்மில் ஒருவருக்கும் வராது. ஆகவே பயிற்சி மட்டும் போதாது என்பது தெளிவு. ஆயினும் ஒன்று கூறுவேன். அவ்வேற்றுமையை எதிர்த்தவர்களும் அதே நூலைக் கையில் வைத்துக்கொண்டுதான் எதிர்த்தார்கள். புத்தகம் அலமாரியில் இருக்கும்வரை, பிறிதொருவர் அதனை எடுத்து, 'இதில் இப்படி எழுதியிருக்கிறதே, நீங்கள் ஏன் அப்படிச் செய்கிறீர்கள்?' என்று கேட்கக்கூடும். அச்சமூட்டும் கேள்வி அது. எந்தச் சமயத்து நூலாயினும் அந்தக் கேள்விக்கு இடந்தரும்போதுதான் உயிரோடு இருக்கிறது.

வீரமாமுனிவர் காலத்திலேயே காவிரி கடலோடு கலக்கும் பக்கத்தில் மற்றொரு கூட்டம் இருந்தது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, லுத்தர் வழியைச் சேர்ந்தவர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து அச்சிட்டார். 1715-இல் அப்பணி நிறைவுற்றது. இவருடைய கூட்டத்தாருக்கும் ஏலாக்குறிச்சி முனிவருக்கும் ஆகாது. அவர்கள் கொள்கையை மறுத்து முனிவர் கடுமையாகவே நூல் எழுதினார். அவர்கள் தமிழையும் குறை கூறினார். அவர்களும் வாளாவிருக்கவில்லை. இரு திறத்தாரும் மக்களுக்கு விளங்கவேண்டும் என்று உரைநடையில் எழுதியதால் தமிழ் உரைநடைக்கு ஊதியம் விளைந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-இல் அச்சாயிற்று. எங்கே தெரியுமா? தரங்கம்பாடியில், அந்த எதிர்க் கூட்டத்தாரின் அச்சகத்தில்! நல்ல நூல் என்று கண்டதும் எதிரியின் நூலையும் அச்சுக் கோத்தவர்களைப் பற்றிப் பட்டிமன்ற மேடைகளில் பேசலாம்.

வேதியர் ஒழுக்கத்துக்கு அந்த வாய்ப்பு ஆசிரியர் உயிரோடிருந்த காலத்தில் கிட்டவில்லை. ஓலைச்சுவடியாகவே அது வழங்கிற்று. ஓலையில் எழுத்தாணியால் ஒரு நூலைப் படியெடுப்பது எளிதன்று. ஒவ்வொரு சொல்லையும் கையால் கீறியாக வேண்டும். அவ்வாறு எழுதுகிறவன் வேகமாகப் படிக்க முடியாது. ஒரு வரியைத் தாண்டிச் செல்லவும் முடியாது. இன்று கைப்பேசியில் ஒரு நிமிடத்திற்குள் பத்துப் பக்கத்தைத் தள்ளிவிடும் உங்களுக்கு இதனை நான் நிந்தையாகச் சொல்லவில்லை. என் பேரப்பிள்ளைகளும் அப்படியே. ஆனால் ஒன்று செய்து பாருங்கள். உங்களுக்குப் பிடித்த நூல் எதுவாயினும் அதில் ஒரு பக்கத்தைக் குறிப்பேட்டில் கையால் எழுதுங்கள். பின்னர் இஞ்ஞாசியார் செய்தது போல, அப்பக்கத்தை மூடிய பின் மனத்தில் எது நிற்கிறது என்று கவனியுங்கள்.

விவிலியத்தையே படிக்க விரும்புவோருக்கு, அவர் எச்சமயத்தவராயினும், ஒரு யோசனை. முதற்பக்கத்தில் தொடங்கி வரிசையாகப் படித்துக் களைத்துப் போகாதீர்கள். காந்தியடிகள் இலண்டனில் மாணவராயிருந்தபோது அவ்வாறே தொடங்கினார். ஆதியாகமத்திற்குப் பின் வந்த அதிகாரங்கள் தமக்கு உறக்கத்தையே தந்தன என்று தம் வரலாற்றில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். புதிய ஏற்பாட்டுக்கு வந்து மலைப்பொழிவைக் கண்டதும் அது நேரே அவர் உள்ளத்தில் புகுந்தது. கீதையோடு ஒப்பிட்டு மகிழ்ந்தார். ஆகவே மத்தேயு நற்செய்தியின் ஐந்து, ஆறு, ஏழாம் அதிகாரங்களில் தொடங்கலாம். அல்லது மாற்கு நற்செய்தியை எடுக்கலாம்; பதினாறே அதிகாரங்கள். ஒருவர் உரக்கப் படிக்க இருவர் கேட்டால், ஓரிரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும்.