முதியோர் கட்சியும் நமது கடமையும்
(ராயப்பன்பட்டியில் சங்கத்தார் முன் நிகழ்த்திய உரை)



முதியோர்க்கென ஒரு கட்சி தோன்றி, பார்லிமெண்டில் இடம் பெறக்கூடுமோ என்று நம்மிற் சிலர் வினவுவதுண்டு. இஸ்ரேல் தேசத்தில் அஃது ஒருமுறை நிகழ்ந்தது. ரஃபி ஐத்தான் என்பார் அந்நாட்டு ஒற்றர் துறையில் நெடுங்காலம் உழைத்தவர். நாஜி அதிகாரி ஐக்மனை 1960-இல் அர்ஜென்டினாவிற் பிடித்த குழுவின் தலைவர். அவர் தமது 79-ஆம் பிராயத்தில் 'கில்' என்னும் ஓய்வூதியர் கட்சிக்குத் தலைமை பூண்டார். 2006-இல், 120 இடங்களில் 7 இடங்கள் அக்கட்சிக்குக் கிட்டின. பெரிய கட்சிகளிடம் சலிப்புற்ற வாலிபர் பலரும் அதற்கே வாக்களித்தனர். ஐத்தான் ஓய்வூதியர் நல மந்திரியானார்.

ஆயினும், 2008-இல் உறுப்பினர் சிலர் பிரிந்தனர். 2009 தேர்தலில் ஓரிடமும் கிட்டவில்லை. ஐத்தான் 2019-இல், 92-ஆம் பிராயத்தில் காலமானார்.

சலிப்பினால் வந்த வாக்கு நிலைத்து நில்லாது. உட்பிளவு அதனை விரைந்து கரைக்கும். முதியோர் நலம் ஒரு தேர்தலோடு முடியும் காரியமன்று.

நம் தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிற்று. அதற்குத் தனிக்கட்சி வேண்டியிருக்கவில்லை. பேணாத மக்களிடம் பெற்றோர் சீவனாம்சம் கோர 2007-ஆம் வருஷத்துச் சட்டம் இடந்தருகின்றது. உத்தமபாளையம் கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம். எழுத்தறியா மூதாட்டிக்கு அம்மனுவை எழுதித் தருவார் யார்? நம் சங்கத்து வாலிபரே எழுதுதல் வேண்டும். தெருவுக்கு ஒருவர் முன்வந்து, முதியோர் உள்ள வீடுதோறும் மாதம் ஒருமுறை சென்று விசாரிப்பாராக. எனினும், அத்தகைய மனுவுக்கே இடமில்லாத இல்லங்கள்தாம் நம் சமூகத்திற்கு அணி.