எண்ணோடு பொருளும் வேண்டும்: இரத்தப் புரத ஆய்வறிக்கைகள்

(ஆய்வுக்கூடப் பணியாளர்களுக்கு ஆற்றிய உரை)

ஆய்வுக்கூடத்தின் பணி இரத்தத்தை அளந்து ஓர் எண்ணைக் கண்டறிவதோடு முடிந்துவிடுவதில்லை. அந்த எண் மருத்துவருக்குப் பொருள் விளங்கும் செய்தியாகச் சென்று சேரும்போதுதான் அப்பணி நிறைவு பெறுகிறது. இரத்தப் புரதச் சோதனைகளுக்கு இவ்வுண்மை மிகவும் பொருந்தும்.

சீரத்திலுள்ள புரதம் ஒரே பொருளன்று. கல்லீரலில் உருவாகும் அல்புமின் ஒருபுறம். நோய் எதிர்ப்புப் பொருள்களை உள்ளடக்கிய குளோபுலின் தொகுதி மறுபுறம். நலமுள்ள பெரியவர்களிடம் டெசிலிட்டருக்கு மொத்தப் புரதம் ஏறத்தாழ 6 முதல் 8 கிராம் வரையிலும், அல்புமின் 3.5 முதல் 5 கிராம் வரையிலும் இருக்கும். மொத்தப் புரதம் 7 கிராம் என்று வரும் அறிக்கை பார்வைக்குக் குறையற்றது. ஆயினும் அல்புமின் 2.5 ஆகத் தாழ்ந்து, குளோபுலின் 4.5 ஆக உயர்ந்திருந்தாலும் கூட்டுத்தொகை அதே 7 தான். நாட்பட்ட கல்லீரல் நோயில் இத்தகைய நிலை காணப்படுவதுண்டு. மொத்தத்தை மட்டும் எழுதினால் நோய் மறைந்துகொள்ளும்.

குளோபுலின் மிகுந்திருந்தால், எவ்வாறு மிகுந்துள்ளது என்பது அடுத்த வினா. எலெக்ட்ரோஃபோரெசிஸ் என்னும் மின்புலப் பிரிப்பு முறை இதற்கு விடையளிக்கிறது. இம்முறையை வளர்த்த ஸ்வீடன் அறிஞர் ஆர்னே டிசேலியஸ் 1948இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்றார். காமாப் பகுதி அகன்ற மேடாக உயர்ந்தால், நாட்பட்ட தொற்றோ அழற்சியோ கல்லீரல் நோயோ காரணமாகலாம். ஒடுங்கிய கூர்முனை தோன்றினால், எலும்பு மஜ்ஜைப் புற்றான மல்டிபிள் மைலோமாவையும் கருத வேண்டும். “காமா மிகுதி” என்று மட்டும் கூறும் அறிக்கை இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. முதுகுவலிக்கு மாத்திரை பெற்றுத் திரும்பும் நோயாளி அதனால் இழப்பது, சிகிச்சைக்குரிய காலத்தை.

எனவே அறிக்கையில் அளவு, அலகு, அளவீட்டு முறை, அம்முறைக்குரிய இயல்பு வரம்பு ஆகியவை இடம்பெற வேண்டும். கூர்முனை இருந்தால் அதன் இடமும் அளவும், இம்யூனோஃபிக்சேஷன் சோதனை தேவை என்ற ஒருவரிக் குறிப்பும் வேண்டும். முறையைக் குறிப்பிடுவது வெறும் சடங்கன்று. புரோமோகிரெசால் பச்சைச் சாயம் குளோபுலின்களையும் ஓரளவு பற்றுவதால், ஊதாச் சாயத்தைவிட அல்புமினை மிகுத்துக் காட்டுகிறது. முறை மாறியதை அறியாத மருத்துவர் நோயே மாறியதாகக் கருதக்கூடும்.

இதற்கான அடித்தளம் நாட்டில் உண்டு. என்ஏபிஎல் வாரியம் ஐஎஸ்ஓ 15189 தரத்தின்படி மருத்துவ ஆய்வுக்கூடங்களுக்கு அங்கீகாரம் அளிக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி நடத்தும் புறத்தர மதிப்பீட்டில், பல கூடங்கள் ஒரே மாதிரியை அளந்து தத்தம் முடிவுகளை ஒப்பிட்டுக்கொள்கின்றன.

எலெக்ட்ரோஃபோரெசிஸ் வசதியற்ற சிறிய கூடமும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மொத்தப் புரதத்தையும் அல்புமினையும் அருகருகே எழுதி, கழித்துக் கிடைக்கும் குளோபுலின் அளவையும் தருவதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. அந்த அளவு வரம்பு மீறினால் மருத்துவருக்கு உடனே தெரிவிப்பதற்கு வேண்டியது அக்கறை ஒன்றே.